பிராசசருக்கு அடியில்

உமாராணியின் பழைய கம்ப்யூட்டர் ஜூன் மாதம் பதினாறாம் தேதி காலையில் நின்றுபோனது. வடகரைக் கல்யாணம் ஒன்றை எடிட் செய்துகொண்டிருந்தாள். மாப்பிள்ளை தாலியோடு குனிகிற இடத்தில் திரை அப்படியே உறைந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமாகி அணைந்தது. மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். மூன்றாவது தடவை உள்ளே ஃபேன்கூடச் சுற்றவில்லை.

மேலகரத்து வீட்டின் முன்னறைதான் அவளுடைய வேலையிடம். தென்காசி, செங்கோட்டை ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணம், சடங்கு, வளைகாப்பு என்று எடுத்த வீடியோவை ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுவந்து தருவார்கள். அவள் வெட்டி, சேர்த்து, நிறம் சரிசெய்து, பாட்டு வைத்துத் திருப்பிக் கொடுப்பாள். பத்து வருஷமாக இதுதான் வேலை. மகள் அபி கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனபிறகு பகல் முழுக்க அந்த அறையில்தான் இருப்பாள்.

இந்தக் கல்யாணத்துக்கு ஒரு கெடு இருந்தது. மாப்பிள்ளை தேவா ராணுவத்தில் இருக்கிறவன். லீவு முடிந்து ஜூலை ஒன்பதாம் தேதி சாயங்காலம் ரயில் ஏறுகிறான். கையில் வீடியோவோடு போக வேண்டும் என்று ஸ்டுடியோவில் சொல்லியிருந்தான்.

"புதுசு ஒண்ணு வாங்கிர வேண்டியதுதான்," என்றாள் உமாராணி. "காந்திமதிநாதன் அண்ணாச்சிகிட்ட சொன்னா, அவிய ஸ்டுடியோவுக்கு வாங்குன எடத்துலேயே ஒண்ணு வாங்கித் தருவாவ."

"அதெல்லாம் வேண்டாம்," என்றான் அவள் கணவன் பேச்சிமுத்து. "ரெடிமேடா வாங்குனா உள்ள என்னத்தப் போட்டிருக்கான்னே தெரியாது. ஒவ்வொரு சாமானையும் நாமளே பாத்து எடுக்கணும். நான் அசெம்பிள் பண்ணித் தாரேன்."

உமாராணி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி," என்றாள்.

அந்த 'சரி'யில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. இருபத்து நாலு வருஷம் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்து பதினாறு மாதம் ஆகியிருந்தது. அவன் இல்லாத அத்தனை வருஷமும் வீடு கட்டியதிலிருந்து மகளைக் கல்லூரியில் சேர்த்தது வரை எல்லாவற்றையும் உமாராணிதான் பார்த்தாள். வந்தபிறகு அவனாக எடுத்த ஒரே முடிவு, அச்சன்புதூர் வயலில் தண்ணீருக்குப் போர் போட்டது. இருநூற்று எண்பது அடிக்குப் போயும் புழுதிதான் வந்தது. வண்டிக்காரர்கள் குழாயைக் கழற்றிக்கொண்டு போனபிறகு, வரப்பில் நின்ற உமாராணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூட அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

கம்ப்யூட்டர் விஷயத்தில் அவள் கேட்டது மூன்றுதான். மூன்று கேமராவில் எடுத்த வீடியோ ஒரே நேரத்தில் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. சத்தம் கம்மியாக இருக்க வேண்டும். பேச்சிமுத்து புதிதாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி முதல் பக்கத்தில் இதை எழுதிக்கொண்டான். அடுத்த பக்கத்திலிருந்து பட்டியல் தொடங்கியது.

ராணுவத்தில் உதிரி பாகம் வேண்டுமென்றால் நம்பரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். எந்தக் கம்பெனி, எது நல்லது என்று யாரும் அவனைக் கேட்டதில்லை. இங்கே ஒன்றைத் தொட்டால் எல்லாம் ஆடியது. பிராசசரை மாற்றினால் மதர்போர்டு மாற வேண்டும். மதர்போர்டு மாறினால் ராம் மெமரி மாற வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு மூன்று விரல் தடிமன் என்றால் எடுத்து வைத்த கேபினட்டுக்குள் போகாது. கேபினட்டைப் பெரிதாக்கினால் உமாராணியின் மேசைக்கு அடியில் நிற்காது. பிராசசரைக் குளிர்விக்கப் பெரிய கூலர் போட்டால் முதல் ராம் மேல் இடிக்கும். பவர் சப்ளைக்கு மட்டும் நோட்டில் ஏழு பக்கம் போனது. சாரல் காற்றில் எங்காவது தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் மேலகரத்தில் வோல்டேஜ் துள்ளும். துள்ளினால் எது முதலில் போகும்? எது போகாமல் காப்பாற்றும்? வீடியோவில் ஒருத்தன் இதுதான் இருப்பதிலேயே நல்லது என்றான். அதற்குக் கீழே இன்னொருத்தன், ஆறு மாதத்தில் புகை வந்தது என்று எழுதியிருந்தான். பேச்சிமுத்து அந்தப் புகை வந்தவனைத்தான் நம்பினான்.

ஒவ்வொரு நாள் காலையும் காப்பி கொண்டுவரும்போது உமாராணி கேட்பாள். "முடிவாயிட்டா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கணும்."

"சரி."

பதினோராம் நாள் தேவாவே போன் செய்தான். ஸ்டுடியோவில் நம்பர் வாங்கியிருக்கிறான்.

"அண்ணாச்சி, நீங்களும் ஆர்மின்னு சொன்னாவ. ஒங்களுக்குத் தெரியாததில்ல. ஒன்பதாம் தேதி ஏறுனா இனி அடுத்த லீவு எப்பன்னு சொல்ல முடியாது. வீடியோ கெடச்சிருமில்லா?"

"கெடச்சிரும் தம்பி," என்று பேச்சிமுத்துவின் வாய் சொல்லியது.

போனை வைத்தவன் அன்று மத்தியானமே ஆர்டர் போட்டான். பன்னிரண்டாவது பட்டியல் அது. கடைசி பொத்தானை அழுத்தும்போது விரல் வேர்த்து, திரை இரண்டு தடவை அழுத்தத்தை ஏற்கவில்லை. போட்டு முடித்தபின்னும் நிம்மதி வரவில்லை. வாங்கிய ஒவ்வொரு சாமானின் பெயரையும் போட்டு, அதில் யாருக்காவது என்ன கெட்டுப்போயிருக்கிறது என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தான்.

பெட்டிகள் தனித்தனியாக, ஐந்து நாளில் வந்து சேர்ந்தன. ஜூலை இரண்டாம் தேதி காலையில் கடைசிப் பெட்டி வந்தது. அன்றைக்கு ஆய்க்குடியில் உமாராணிக்குச் சொந்தத்தில் ஒரு சடங்கு. பட்டுச்சேலை கட்டி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "நான் வந்தபெறவு சேந்து செய்வோமே," என்றாள்.

"நீ வரும்போது ஓடிக்கிட்டு இருக்கும்," என்றான்.

அபியின் அறை மேசையைத் துடைத்து, மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்தான். உடம்பில் மின்சாரம் ஏதும் தங்கியிருக்கக் கூடாது என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் ஜன்னல் கம்பியைத் தொட்டுக்கொண்டான். பிராசசர் உட்காருகிற சாக்கெட்டின் மூடியைத் திறந்தான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இடம். அதற்குள் ஆயிரத்து எழுநூறு பின்கள், முடியைவிட மெல்லியவை, எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, தங்க நிறத்தில் வரிசை வரிசையாக நின்றன. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பிராசசரை இரண்டு விரலால் ஓரம் பிடித்து எடுத்தான். முக்கோணக் குறி எந்த மூலையில் இருக்கிறது என்று மூன்று தடவை பார்த்தான். இறக்கினான்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மேலே ஃபேன் நின்றது. அவன் ஒன்றும் அசையவில்லை. ஆனால் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை கண்ணாடிக்கு உள்பக்கம் இறங்கிக் கண்ணுக்குள் போக, இமை தட்டியது. விரலில் இருந்தது வழுக்கியது.

சத்தம் எதுவும் வரவில்லை. பிராசசர் ஒரு மூலை குத்தி, சாக்கெட்டின் மேல் சாய்ந்து கிடந்தது.

எடுத்துப் பார்த்தான். போன் டார்ச்சை அடித்துப் பார்த்தான். எல்லா இடமும் ஒன்றுபோல மின்னியது. மேல் வலது பக்கத்தில் மட்டும் ஒரு அரிசி அகலத்துக்கு வெளிச்சம் வேறு மாதிரி திரும்பியது. டார்ச்சை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அந்த இடம் மட்டும் சேரவில்லை.

வாங்கிய இடத்துக்குப் போன் போட்டான். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பின் வளைந்திருந்தால் வாரண்டியில் வராது என்றாள். புதிய போர்டு வேண்டுமென்றால்? குறைந்தது எட்டு நாள். அவன் விரல் விட்டு எண்ணினான். பத்தாம் தேதி.

சாயங்காலம் உமாராணி வந்தபோது எல்லாப் பெட்டியும் மூடி அடுக்கியிருந்தது.

"ஓடலயா?"

"பிராசசர் மேல தடவுத பேஸ்ட்டு சரியில்ல. காய்ஞ்சு கெடக்கு. நாளைக்கு தென்காசில போயி வேற வாங்கிட்டு வந்திருதேன்."

அவள் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். "சரி," என்று சொல்லிச் சேலை மாற்றப் போனாள்.

மறுநாள் காலையிலிருந்தே சாரல். போர்டை அதன் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே துண்டு சுற்றி, ஒயர் கூடையில் வைத்து, கூடையை மழைக்கோட்டுக்குள் வயிற்றோடு அணைத்துக்கொண்டு பைக்கை ஓட்டினான். சீசன் ஆனதால் குற்றாலத்துக்குப் போகிற வேன்களும் கார்களும் எதிரே வரிசை கட்டி வந்தன. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவனுக்கு ஆயிரத்து எழுநூறு பின்னும் ஆடுவது மாதிரி இருந்தது.

முதல் கம்ப்யூட்டர் கடைக்காரர் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இத நான் தொட மாட்டேன் சார். போர்டை மாத்திருங்க." இரண்டாவது கடையில்தான் ஒரு வழி சொன்னார்கள். ரத வீதியில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், மொபைல் போர்டு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பெயர் இசக்கிசெல்வி. மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறாள். அவளால் முடிந்தால் உண்டு.

மாடியறையில் ஏழெட்டு போன்கள் திறந்து கிடந்தன. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும் அவளுக்கு. மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்ன போனு?" என்றாள்.

"போன் இல்ல. மதர்போர்டு."

கூடையிலிருந்து துண்டு, துண்டுக்குள் உறை, உறைக்குள் போர்டு என்று அவன் எடுப்பதை அவள் நிமிர்ந்து பார்த்தாள். "யாருது?"

"சேக்காளி ஒருத்தனுது," என்று இல்லாத ஒரு நண்பன்மேல் போட்டான்.

அவள் சாக்கெட்டை லென்ஸுக்குக் கீழே நகர்த்தினாள். சுவரில் இருந்த திரையில் அது பெரிதாக விரிந்தது. பேச்சிமுத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். நல்ல கதிர் வந்த வயலில் ஒரு ராத்திரிக் காற்று புகுந்து போனால் ஒரு மூலை மட்டும் படுத்துக் கிடக்குமே, அப்படிக் கிடந்தது. சில பின்கள் பக்கத்துப் பின்மேல் சாய்ந்திருந்தன. இரண்டு பின்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருந்தன.

"பதினொண்ணு," என்று எண்ணினாள் இசக்கிசெல்வி. "அண்ணாச்சி, மொதல்லயே சொல்லிருதேன். போன்ல நான் பாக்குத வேலை வேற. இது ரொம்ப மெலிசு. ஒரு தடவ வளைஞ்சத நிமித்தலாம். ரெண்டாம் தடவ தாங்காது. ஒண்ணு ரெண்டு ஒடியலாம். ஒடிஞ்சா எங்கிட்ட கேக்கக் கூடாது. ஒங்க சேக்காளிகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்க."

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். செய்யும்மா."

அவள் முன்னால் கிடந்த போன்களைத் தள்ளி வைத்தாள். தையல் ஊசியைவிடச் சின்னதாக ஒரு ஊசியை, பேனா மாதிரி ஒரு பிடியில் செருகினாள். ஃபேனை நிறுத்தச் சொன்னாள். அவன் நிறுத்தினான். கதவையும் சாத்தினான். கீழே ஜவுளிக்கடையில் யாரோ பேரம் பேசுவது கேட்டது. திரையில் ஊசி, உலக்கை அளவுக்குப் பெரிதாக உள்ளே வந்தது. முதல் பின்னின் கழுத்துக்குக் கீழே போய் நின்றது. மெள்ள மெள்ள அழுத்தியது. பின் எழுந்தது.

"ஒண்ணு," என்றாள்.

நாலாவதில் இருக்கும்போது அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. உமாராணி. எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. ஒரு ஓரமாகப் போய் எடுத்தான்.

"எங்க இருக்கிய?"

"தென்காசில."

"பேஸ்ட்டு கெடச்சுதா?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"காலைல போனவிய இன்னும் பாக்கியளா?"

"வந்திருதேன் உமா."

இசக்கிசெல்வி திரும்பாமலே கேட்டாள். "சேக்காளி வீட்டுலருந்தா?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மறுபடி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான்.

ஒன்பது பின்கள் நிமிர்ந்துவிட்டன. மாட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டும் பாக்கி. அவள் முதுகை நிமிர்த்தி, கையை உதறி, தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி குனிந்தாள். ஊசி இரண்டுக்கும் நடுவில் போனது. ஒன்று விலகியது. விலகிய வேகத்தில் அது பாதி நிமிர்ந்து நின்றது. மற்றதைத் தூக்கினாள். திரையில் அது எழுந்தது, நேரானது, பிறகு சட்டென்று காணாமல் போனது. அது இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி மட்டும் தெரிந்தது.

இசக்கிசெல்வி ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஒடிஞ்சிட்டு அண்ணாச்சி," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நான் மெதுவாத்தான் தூக்குனேன்."

"பாத்தேன். ஒம்மேல தப்பில்ல."

"எல்லாப் பின்னும் முக்கியம் கெடையாது. நெறைய பின்னு சும்மா கிரவுண்டுதான், வீட்டு எர்த் மாதிரி. அது ஒண்ணு போனா தெரியக்கூடச் செய்யாது. வரைபடம் கெடைக்குதான்னு பாப்போம்."

நெட்டில் தேடி எடுத்தாள். கட்டம் கட்டமாக, ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு பெயர். பேச்சிமுத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வரைபடம் படிப்பது அவன் இருபத்து நாலு வருஷம் செய்த வேலை. முக்கோணக் குறியிலிருந்து தொடங்கி, வரிசையை அவன் எண்ண, பத்தியை அவள் எண்ணினாள். இரண்டும் சேர்ந்த கட்டத்தில் கிரவுண்டு என்று இருந்தது.

"தப்பிச்சோம்!" என்று இசக்கிசெல்வி மேசையைத் தட்டினாள்.

அவனுக்கும் மூச்சு வந்தது. சிரித்தான். சிரித்துக்கொண்டே வரைபடத்தின் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். படித்ததும் சிரிப்பு நின்றது.

"இது பிராசசரை அடிப்பக்கமாத் திருப்பி வச்சுப் பாத்த படம்மா. நாம பாக்கது சாக்கெட்டை மேலருந்து. இடது வலதா மாறும்."

"அப்படியா?"

"திருப்பி எண்ணு."

திருப்பி எண்ணினார்கள். மூன்று தடவை எண்ணினார்கள். மூன்று தடவையும் அதே கட்டம். ராமுக்குப் போகிற இரண்டு பாதையில் ஒன்றைச் சேர்ந்த கம்பி அது. அது போனால் அந்தப் பாதை போனது. போர்டில் ராம் செருக நாலு இடம் இருக்கிறது. அதில் இரண்டு இனி செத்த இடம்.

"மெஷின் ஓடாமப் போகாது," என்றாள் இசக்கிசெல்வி. "ரெண்டு ராமையும் நல்ல பாதைல இருக்க ரெண்டு எடத்துல போடுங்க. அளவு கொறையாது. ரெண்டு ரோட்டுல போக வேண்டியது ஒரே ரோட்டுல போகும், அவ்வளவுதான். கொஞ்சம் மெதுவாகும்." பாதி நின்றதையும் சரிசெய்து, போர்டை உறையில் போட்டுக் கொடுத்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "திரையில அளவு சரியாத்தான் காட்டும். யாருக்கும் தெரியப் போறதில்ல அண்ணாச்சி."

கூடையை வயிற்றோடு கட்டிக்கொண்டு கிளம்பினான். வீட்டுத் திருப்பம் வந்தது. வண்டி திரும்பவில்லை. நேரே குற்றாலத்துக்குப் போய், மெயின் அருவிக்கு முன்னால் கடைகள் ஓரமாக நின்றான். தண்ணீர் அதிகமாகிவிட்டதென்று போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை வெளியேற்றிக்கொண்டிருந்தார்கள். ஈரத் துண்டோடு ஆட்கள் ஓடிவந்தார்கள். கொஞ்ச நேரம் எதையும் நினைக்காமல் நிற்கலாம் என்றுதான் வந்தான். ஆனால் அருவித் திவலை அங்கே வரைக்கும் வந்தது. கூடையைத் தொட்டுப் பார்த்தான். துண்டு குளிர்ந்திருந்தது. போர்டு நனைந்தால்? பதறிப்போய் ஒரு அல்வாக் கடைக்குள் ஏறி நின்றுகொண்டான்.

யாருக்கும் தெரியப் போவதில்லை. அது உண்மைதான். கம்ப்யூட்டர் ஓடும். கொஞ்சம் மெதுவாக ஓடும். அவள் பழைய மெஷினோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்படுவாள். போர் விஷயம் மாதிரி இதையும் அவள் பேசாமல் விழுங்க வேண்டியதில்லை. அப்படியே விட்டுவிடலாம்.

பிறகு வேறொன்று தோன்றியது. ஒரு வருஷம் கழித்து, வேலை கூடி, உமாராணி இன்னும் இரண்டு ராம் வாங்குவாள். அவளாகவே மூடியைத் திறந்து, காலியாக இருக்கிற இடத்தில் செருகுவாள். மெஷின் எழும்பாது. புது ராம் கெட்டது என்று நினைப்பாள், மாற்றுவாள், மறுபடி எழும்பாது. தான் என்ன தப்பு செய்தோம் என்று அந்த அறையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருப்பாள். காரணம் தெரிந்தவன் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பான். யூனிட்டில் ஒரு தடவை, பழுதை எழுதாமல் வயர்லெஸ் செட்டை அடுத்தவனிடம் ஒப்படைத்த ஒருத்தனை அவன் எல்லார் முன்னாலும் காறித் துப்பாத குறையாகத் திட்டியிருக்கிறான்.

கடைக்காரர், "என்ன சார் வேணும்?" என்றார். "ஒண்ணும் வேண்டாம்," என்று சொல்லி இறங்கி வண்டியை எடுத்தான்.

உமாராணி முன்னறையில், செத்த கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்று தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். அவன் கூடையை அவள் மேசையில் வைத்தான்.

"பேஸ்ட்டு இல்ல உமா. பேஸ்ட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நேத்து நான் பிராசசரைக் கீழ போட்டுட்டேன்."

ஒன்று விடாமல் சொன்னான். கரண்ட் போனது, வேர்வை, போனில் பேசிய பெண், இசக்கிசெல்வி, ஒடிந்த பின், திருப்பி எண்ணியது. ராம் இடத்தைக் காட்டி, "இந்த ரெண்டுலயும் இனி எப்பவும் எதையும் போடக் கூடாது," என்றான். சொல்லி முடித்து நின்றான். அவள் 'சரி' என்று சொல்லிவிடக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டான்.

"சேக்காளின்னா சொன்னிய?" என்றாள்.

"ஆமா."

"எந்தச் சேக்காளி இருக்கான் ஒங்களுக்கு இங்கன?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும். நீங்க ஆர்டர் போடுததுக்கு முன்னாடியே நான் காந்திமதிநாதன் அண்ணாச்சிகிட்ட பேசிட்டேன். இந்த மெஷின் நேரத்துக்கு வரலன்னா, அவிய ஸ்டுடியோவுல ஒரு சிஸ்டத்தை அஞ்சு நாள் தாரேன்னு சொல்லியிருக்காவ. ஒங்ககிட்ட சொல்லல."

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "அப்போ நான் முடிக்க மாட்டேன்னு நெனச்சியா?"

"முடிப்பியளா மாட்டியளான்னு தெரியல. தேவாவுக்கு வீடியோ போகணும். இத்தன வருஷமா எனக்கு அப்படித்தான் பழக்கம். ஒண்ணு வராட்டா இன்னொண்ணுன்னு வச்சிருப்பேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். சொல்லதுக்கு ஆளு இல்ல."

வெளியே சாரல் மறுபடி பிடித்துக்கொண்டது. பேச்சிமுத்து கேட்க நினைத்து ஒரு வருஷமாகக் கேட்காததைக் கேட்டான். "போரு போட்ட அன்னைக்கு நீ ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் யோசித்தாள். "என்ன சொல்லணும்? தண்ணி இல்ல. அது ஒங்க தப்பா? எனக்கு வரப்புல நின்னு காலு வலிச்சுது. வீட்டுக்கு வந்து பேசலாம்னு இருந்தேன். நீங்க மொகத்தத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டிய. நீங்கதான் பேசல."

அன்றைக்கு அவள் பேசாததை மட்டும்தான் அவன் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான்.

"பேஸ்ட்டுன்னு பொய் சொன்னிய பாருங்க," என்று அவள் எழுந்தாள், "அதுக்குத்தான் கோவம். ரெண்டு நாளைக்கு இருக்கும். இப்போ அதை எடுத்துக்கிட்டு வாங்க. பிராசசரை நான் வைக்கேன்."

அபியின் அறையில் டார்ச்சை அவன் பிடித்தான். உமாராணி வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, பிராசசரை ஓரம் பிடித்து எடுத்து, அவன் சொன்ன மூலையைப் பார்த்து, ஒரே வாட்டத்தில் இறக்கிவிட்டுக் கையை எடுத்தாள். அது போய் உட்கார்ந்தது. கம்பியை அழுத்தி மூடும்போது நொறுங்குவது மாதிரி ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அது அப்படித்தான் வரும், படிச்சிருக்கேன்," என்றான் அவன், தனக்கே சொல்வது மாதிரி.

கூலர், கார்டு, வயர்கள் எல்லாம் மாட்டி முடிக்கச் சாயங்காலம் நாலு மணி ஆனது. சுவிட்சைப் போட்டான். ஃபேன்கள் சுற்றின. சத்தம் அதிகம் இல்லை. திரை கறுப்பாக இருந்தது.

"வரலயே," என்றாள்.

"போர்டு புது ராமைப் பழகிக்கிடும். மொத தடவ அஞ்சு பத்து நிமிஷம் ஆகும்னு போட்டிருந்தான். அணைக்கக் கூடாது."

ஒரு நிமிஷம் ஆனது. மூன்று நிமிஷம் ஆனது. போர்டின் ஓரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அது ராமுக்கான விளக்கு என்று அவனுக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. பிறகு சொன்னான். "அந்த மஞ்சள் வெளிச்சம் அணையணும். அணையாட்டா வேற பின்னும் போயிருக்குன்னு அர்த்தம்."

அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அந்த விளக்கையே பார்த்தாள். ஐந்தாவது நிமிஷத்தில் மெஷின் தானாக அணைந்தது. உமாராணி அவன் முழங்கையைப் பிடித்தாள். பிறகு தானாகவே மறுபடி ஃபேன் சுற்றியது. விளக்கு மஞ்சளிலிருந்து வெள்ளைக்குப் போனது, பச்சைக்குப் போனது. திரையில் எழுத்து வந்தது.

ராம் அளவை முழுசாகக் காட்டியது. பாதை ஒன்று என்று அதற்குக் கீழேயே எழுதியிருந்தது. தெரிந்து தேடினால்தான் கண்ணில் படும் இடம். அவன் விரல் வைத்து அவளுக்குக் காட்டினான்.

மூன்று கேமராவும் சேர்ந்து ஓடின. ஆள் கூட்டம் அதிகமாக உள்ள இடத்தில் சில சமயம் ஒரு இழுப்பு இழுத்தது. அப்போதெல்லாம் அவள், "ம்" என்று சொல்லிக்கொண்டு மறுபடி ஓடவிடுவாள். அடுத்த அறையிலிருந்து அவனுக்கு அந்த 'ம்' கேட்கும். கோபம் அவள் சொன்ன மாதிரி இரண்டு நாள் இருந்தது. ஸ்டுடியோவுக்குப் போன் செய்து சிஸ்டம் வேண்டாம் என்று அவள் சொன்னது ஆறாம் தேதிதான். அதுவரை அந்த ஏற்பாட்டை விடாமல் வைத்திருந்தாள் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று ஒத்துக்கொண்டான்.

எட்டாம் தேதி சாயங்காலம் தேவா புது மனைவியோடு வந்தான். முடி ஒட்ட வெட்டியிருந்தான். பென் டிரைவை வாங்கி, நம்பிக்கையில்லாதவன் மாதிரி, "முழுசும் இருக்கா அக்கா?" என்றான்.

"முழுசும் இருக்கு. ஒங்க மாமியா அழுததுகூட இருக்கு."

அந்தப் பெண் சிரித்தாள். பேச்சிமுத்து அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, எந்த யூனிட், எந்த ஊர் என்று கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தான். பைக் போனபிறகும் தெருவிலேயே நின்றான். உள்ளே ஃபேன் சத்தம் சீராக இருக்கிறதா என்று காது அதிலேயே இருந்தது. இனி ரொம்ப நாளைக்குக் காது அதிலேயேதான் இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

ஆடி பிறந்து பத்து நாள் கழித்து, ஒரு மத்தியானம் உமாராணி போனை அவன் முன்னால் வைத்தாள். திரையில் இரண்டு மானிட்டர் படம்.

"நிறம் சரியாத் தெரியணும். இந்த ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நாளைக்குச் சொல்லணும்."

"நாளைக்கா? மூணு நாளாவது வேணுமே."

"நாளைக்கு."

"நீ எது நெனச்சிருக்கன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்," என்றாள் உமாராணி. "நீங்க சொல்லுங்க. எனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லுதேன்."

பேச்சிமுத்து கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டான். "மேசை அகலம் எவ்வளவு?" என்று கேட்டான். அவள் டேப் எடுக்கப் போனாள்.